கானாடுகாத்தானிலிருந்து சொக்குவுக்கு

அன்புள்ள சொக்கு,

நலம். நீயும் ஆச்சியும் நலம் என்று பள்ளத்தூரான் சொன்னான். அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம், இருந்தாலும் சரி. நீ அனுப்பிய மாவடு வந்தது, ஜாடியும் காலி.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பழைய மாடல் ஏ ஃபோர்டு காரின் சேசிஸ் நம்பரை, அதாவது அடிச்சட்டத்தில் அடித்த நம்பரை, பார்த்துவிட்டேன். சிரிக்காதே. பள்ளிக்கூடம் விட்டதும் பின்சீட்டில் ஏறி நீயும் நானும் ரங்கூனுக்கு ஓட்டினோமே, அதே வண்டிதான்.

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது பேச்சு வந்தது. கொட்டகையில் சும்மா கிடக்கிற வண்டியை முறைப்படி பதிந்து வைப்போம் என்றார்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டிய, உருவம் மாற்றாத வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவு என்றால் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' என்று வரும். நம் வண்டிக்கு ஆர்சி புத்தகம் இருப்பதால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் சம்மதம். வேலை மட்டும் என் தலையில். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா?

ஆர்சியில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்றே. அதில் கோளாறு இல்லை. மாடல் ஏ ஃபோர்டில் எஞ்சின் நம்பர்தான் வண்டிக்கும் நம்பர். எஞ்சின் பிளாக்கின் இடது பக்கம், தண்ணீர் உள்ளே போகிற வாய்க்கு மேலே ஒரு சின்ன மேடையில் அடித்திருப்பார்கள். அதையே சேசிஸின் இடது சட்டத்து மேல்முகத்திலும் அடித்து, அதன் மேல் பாடியை உட்கார வைத்துவிடுவார்கள். பாடியைத் தூக்காமல் அது கண்ணில் படாது. எத்தனையோ வண்டிகளில் அந்த நம்பர் ஆலையை விட்டு வந்தபின் வெயிலே பார்த்திருக்காது.

எஞ்சினில் இருப்பது 'ஏ'யில் தொடங்கி முப்பது லட்சத்தைத் தாண்டுகிற நம்பர். ஆர்சியில் வண்டி 1929 மாடல். 1930 ஜனவரி வரிசையே ஏ 2742696-இல்தான் தொடங்குகிறது. அப்படியானால் வண்டியை விட எஞ்சினுக்கு வயது குறைவு! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு.

தேவகோட்டை மெக்கானிக்கை வரவழைத்து பாடி போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை நாலு விரல் உயரம் தூக்கிக் கட்டை வைத்தோம். உள்ளே கிரீஸும் மண்ணும் இறுகிப் பாறையாகக் கிடந்தது. கம்பி பிரஷ்ஷைத் தொடவே விடவில்லை, எழுத்து மழுங்கிவிடும். சீமெண்ணெயில் துணியை நனைத்து ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் சுரண்டினேன். பிறகு மெல்லிய காகிதத்தை ஒட்டிவைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன், ஆர்டிஓ ஆபீசில் பிரிண்ட் எடுப்பார்களே அதே மாதிரி. முதலில் ஒரு 'சி', பக்கத்தில் 'ஏ', அப்புறம் எண்கள். ஒவ்வொன்றாகக் கையால் அடித்தது, 3 மட்டும் கொஞ்சம் குடிகாரன் போலச் சாய்ந்து நின்றது.

'சிஏ' என்றால் கனடா. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளுக்கு ஃபோர்டு பெரும்பாலும் கனடாவிலிருந்துதான் வரும். பம்பாயில் 1926-இல் தொடங்கிய ஃபோர்டு இந்தியாவும் கனடா கம்பெனியின் கிளைதான். ஆக வண்டி கனடாக்காரன், எஞ்சின் அமெரிக்காக்காரன். நடுவில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், பின்னால் வந்த குமாஸ்தா எஞ்சினில் தெரிந்த நம்பரையே இரண்டு கட்டத்திலும் எழுதிவிட்டார்.

இதைச் சொன்னதும் ஒரு புரோக்கர் வந்து நின்றார். "அண்ணே, ஒரு கிரைண்டர், ஒரு பஞ்ச் செட், அரை மணி நேரம். சட்டத்தில் இருக்கிறதை ஆர்சி நம்பராக்கிவிடலாம்" என்கிறார். எனக்கு வந்த கோபம்! அது குற்றம் என்பது ஒரு பக்கம். பஞ்ச் இறங்கும்போது அடியிலிருக்கும் இரும்பும் நசுங்கிவிடுகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும், தடயவியல்காரர்கள் அமிலத்தைத் தடவினால் பழைய நம்பர் மேலே வந்துவிடும். அதெல்லாம் இருக்கட்டும். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத எழுத்து அது. அதை அழிக்க நான் யார்? ஆனால் பங்காளிகளில் இரண்டு புள்ளி, அதாவது இரண்டு குடும்பம், புரோக்கர் பக்கம். "வேலை முடிந்தால் போதாதா" என்று அண்ணனே கேட்டது மனசை அறுக்கிறது. பேசாமல் பிரிண்டையும் மெக்கானிக் எழுதிக் கொடுத்ததையும் வைத்து, உள்ளதை உள்ளபடி மனுவில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இழுத்தடிப்பார்கள். இழுக்கட்டும்.

இப்போது உன் வேலை. எங்கள் ஐயா காலணா செலவையும் பேரேட்டில் ஏற்றியவர். டயர், பெட்ரோல், டிரைவருக்கு வேட்டி, எல்லாம் இருக்கிறது. எஞ்சின் வாங்கியதாக ஒரு வரி இல்லை. காசு கொடுக்காமல் வந்த எஞ்சின் என்றால் எனக்கு ஒரு வீட்டின் மேல்தான் சந்தேகம். உங்கள் ஐயா கொழும்பிலிருந்து இறக்கிய மில் லாரி மாடல் ஏஏ அல்லவா? லாரிக்கும் காருக்கும் எஞ்சின் ஒன்றுதான். அந்த லாரி கடைசியில் என்னவாயிற்று என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ரெண்டாங்கட்டுப் பெட்டகத்தில் மில் கணக்கு இருக்கும். எங்கள் வீட்டுப் பெயரில் பற்று எழுதியிருக்கிறதா, லாரி நம்பர் எங்காவது குறித்திருக்கிறதா என்று பார். எஞ்சினிலிருந்து எடுத்த பிரிண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பொருந்தினால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. இன்றுவரைக்கும் வட்டி போட்டு ஒரு சிட்டையையும் சேர்த்து அனுப்பிவிடாதே.

உன்,
அழகு