தாடி முடியையும் விடாத ஹயீம் விதாலுக்கு

மதிப்பிற்குரிய ஹயீம் விதால் ஐயாவுக்கு,

1620-இல் டமாஸ்கஸில் காலமான உங்களுக்குக் கடிதம் எழுதுவது அசட்டுத்தனம்தான். ஆனால் கபாலா என்ற யூத மறைஞான மரபு சொல்லும் ஆதாம் கத்மோனைப் பற்றி வேறு யாரிடம் கேட்பது? உங்கள் குரு ஐசக் லூரியா 1570-இல் கலிலேயாவின் சஃபேத் நகருக்கு வந்தார், 1572-இல் கொள்ளைநோயில் போய்விட்டார். அவர் எழுதிவைத்தது மிகக் குறைவு. வாயால் சொன்னதை எழுத்தாக்கியது பெரும்பாலும் நீங்கள்தான்.

நீங்கள் எழுதியபடி, இறைவனின் எல்லையற்ற ஒளி தன்னைச் சுருக்கி வெற்றிடம் விடுகிறது. அதற்குள் ஒரு கோடாக ஒளி இறங்குகிறது. அதில் முதலில் தோன்றுவது ஆதாம் கத்மோன், ஆதி மனிதன். ஏதேன் தோட்டத்து ஆதாம் இல்லை. அவன் வர இன்னும் எத்தனையோ உலகங்கள் உருவாக வேண்டும்.

மேலுலகில் உடல் என்று ஒன்று கிடையவே கிடையாது, கேட்பவர் காதுக்கு எட்டத்தான் இப்படிச் சொல்கிறோம் என்று எச்சரிக்கிறீர்கள். அப்புறம் அதே கையோடு காது, மூக்கு, வாய், கண் என ஒவ்வொன்றிலும் ஒளி பொங்குவதை எழுதித் தள்ளுகிறீர்கள். தாடி முடியைக்கூட விடவில்லை! உருவம் செய்யாதே என்ற கட்டளையோடு வளர்ந்தவரின் இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது கண்களைப் பற்றிய பகுதியை. வாயிலிருந்து வந்த பத்து ஒளிகளும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்திருந்தன. கண்ணிலிருந்து வந்தவையோ தனித்தனிப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம். மேலே இருந்த மூன்று தாங்கின, கீழே ஏழும் உடைந்தன. பொறிகள் சிதறி விழுந்தன. ஏவாள் பழத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே நடந்த உடைப்பு இது. ஆதாமின் பாவம் நிலைமையை இன்னும் கெடுத்தது என்றும் எழுதுகிறீர்கள், சரி. ஆனாலும் முதல் பழி மனிதன் மேல் இல்லை. பொறிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலைதான் அவனுடையது.

1492-இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட வலியே இந்தக் கதைக்குள் இருக்கிறது என்றார் கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம். எனக்கு அது பாதிதான் ஒட்டுகிறது. நீங்கள் உடைப்பைச் சொல்லும் இடத்தில் அழுகையைவிடக் கணக்குதான் அதிகம்.

இன்னொன்று. குரு சொன்னதை எழுதிய ஏடுகளை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தீர்கள். நீங்கள் நோயில் கிடந்தபோது உங்கள் சகோதரர் பணம் வாங்கிக்கொண்டு அவற்றை நகலெடுக்கக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. உங்கள் நூலான ‘எட்ஸ் ஹயீம்’ அச்சானதே 1782-இல்தான். கதை உண்மையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்