ஆடிக்கு முன் அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி வெள்ளி என்றால் படவேடு ரேணுகாம்பாள் கோயில் பக்கம் திறந்தவெளியில் பொங்கல் வைக்கும் குடும்பங்கள் ஏராளம். தீப்பெட்டிக்குப் பேர்போன குடியாத்தம் நம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் கேஸ் அடுப்பிலேயே பழகிய பெண்கள் ஒரு பெட்டிக் குச்சியைத் தீர்த்தும் விறகு பற்றாமல், கடைசியில் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். அதன் ஆவி தரையோடு பரவி நிற்கும். குச்சி கிழித்ததும் புடவையும் சேர்ந்து பற்றும். மகளிர் குழுக்களும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களும் ஒரு மதியம் ஒதுக்கினாலே விறகு அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்துவிடலாம். பெண்களைக் காய் நறுக்க உட்காரவைத்துவிட்டு அடுப்பை ஆண்களிடம் விடுவது எதற்கு?

பாலாற்றில் ஈரமாகக் கிடக்கும் கல் அடுப்புக்கு ஆகாது. உள்ளிருக்கும் நீர் ஆவியானால் கல் வெடித்துச் சில்லு பறக்கும். மேட்டில் காய்ந்து கிடக்கும் கருங்கல் மூன்று போதும். பானையின் அடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். அடுப்பின் வாய் காற்றுக்கு நேராக இருந்தால் ஆடிக்காற்று தீயைப் பின்பக்கம் தள்ளிவிடும், பானை காயாது. சற்றே பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது விறகில்தான். ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். மாலை மழையில் நனைந்த கட்டையைப் பிளந்தால் உள்பக்கம் காய்ந்தே இருக்கும். தரை ஈரமாக இருந்தால் முதலில் காய்ந்த தென்னை மட்டையைப் போட்டு, அதன்மேல் ஒரு கைப்பிடி தேங்காய் நாரை உதிர்த்து வையுங்கள். அடுத்து ஈர்க்குப் பருமனில் சுள்ளி, பிறகு பென்சில் கனம், அப்புறம் பெருவிரல் கனம். பெருவிரல் கனக் குச்சி நன்றாகப் பிடித்த பிறகே கட்டையை வைக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே திணித்தால் காற்று அடைபட்டு வெறும் புகைதான் வரும். ஊதாங்குழலில் எவ்வளவு ஊதினாலும் கண்தான் எரியும். வேலிக்காத்தானும் சவுக்கும் தணல் நிற்கும். முருங்கைக் கட்டை வேண்டாம், அரளி வேண்டவே வேண்டாம்; அரளி விஷம், அதன் குச்சியால் கிளறவும் கூடாது.

சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம். அதற்கு முன் போட்டால் அரிசி வேகாமல் விறைத்துவிடும். வெல்லம் போடும்போது கட்டைகளை வெளியே இழுத்து, தணலில் மட்டும் கிளறுங்கள். அடுப்பில் ஏற்றும் முன்பே பானையின் வெளிப்புறம் ஈர மண்ணைப் பூசிவிட்டால் கரி எளிதில் கழுவப்படும்.

பருத்திப் புடவை கட்டி, முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையும் ஐஸும் கூடாது.

முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். உள்ளே தணல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெறுங்காலில் ஓடும் குழந்தை மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிப் புறங்கையை அருகே வைத்துச் சூடு பார்க்க வேண்டும்.

இந்தப் பயிற்சியை அமிர்தி, ஜவ்வாது மலைக் காப்புக்காட்டுக்குள் நடத்தக் கூடாது. அங்கே தீ மூட்டுவது குற்றம். பள்ளி மைதானம் போதும்.

இப்படிக்கு,
மகளிர் குழுவினர் சிலர்,
காட்பாடி