மதிலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு 20 பந்துகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தம் தொடங்கியதும், கொழும்பில் பல பாடசாலைகளில் தரம் 4, 5, 6 பிள்ளைகளின் விளையாட்டுப் பாடவேளை ஓட்டத் தெரிவாக மாறிவிடுகிறது. வேகமாக ஓடும் ஆறேழு பேர் தெரிவாவார்கள், மற்றவர்கள் மதிலோரம் உட்கார்ந்திருப்பார்கள். எறிதல், பிடித்தல், பாய்ந்து இறங்குதல் மூன்றும் வயது ஏறத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. பழக்க வேண்டும். வலைப்பந்து, கரப்பந்து, எல்லே எதற்குப் போனாலும் அடித்தளம் இவைதான்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மைதானம் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் எறிதலுக்கு ஒரு சுவரும் பத்து மீற்றர் முற்றமும் போதும்.

வலக்கைப் பிள்ளை இடத்தோள் சுவரைப் பார்க்கப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பாரம் பின்காலில். இடக்காலை முன்வைத்து, இடுப்பு திரும்பி, பிறகு தோள், கடைசியாகக் கை. முழங்கை தோள் உயரத்துக்குக் குறையக் கூடாது. எறிந்த கை உடம்பைக் குறுக்கே கடந்து இடத்தொடைப் பக்கம் போய் நிற்க வேண்டும். அதிகம் காணும் பிழை, எறியும் கைப்பக்கத்துக் காலையே முன்வைப்பது. அப்போது இடுப்பு திரும்பாது, கை மட்டும் வேலை செய்யும். வாயால் எத்தனை முறை திருத்தினாலும் மாறாத இந்தப் பிழை, தரையில் வெண்கட்டியால் இரண்டு பாத அடையாளம் கீறிவிட்டால் சில நாட்களில் மாறும். முழங்கை தாழ்ந்து பந்தைத் தள்ளுகிற பிள்ளையின் கையில் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிய பந்து இருக்கும். ரெனிஸ் பந்தைக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் பழைய காலுறைகளை இறுக்கிச் சுருட்டித் தைத்த பந்து போதும்.

இன்னொரு பிழை நாமே உண்டாக்குவது. சுவரில் சின்ன வட்டம் கீறி, அருகில் நிறுத்தி, 'குறி பார்த்து எறி' என்கிறோம். பிள்ளை உடம்பை விறைப்பாக்கிக் கையால் மட்டும் பந்தை விடப் பழகிவிடும். முதலில் பலம், பிறகுதான் குறி. 6 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, 'பந்து சுவரில் பட்டு உன்னைத் தாண்டிப் போகும்படி எறி' என்று சொல்லிப் பாருங்கள், இடுப்பு தானாகத் திரும்பும்.

பிடித்தலில் தடையாக நிற்பது பயம். முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடும் பிள்ளையை அதட்டுவதில் பயனில்லை. மென்மையான பந்தை ஒரு முறை நிலத்தில் குத்தி வரவிடுங்கள், பார்க்க நேரம் கிடைக்கும். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் மேல்நோக்கி, கீழே வருவதற்குக் கீழ்நோக்கி. பந்து தொட்டதும் முழங்கை மடிந்து உள்ளே வாங்க வேண்டும். விறைத்த கையில் பட்டால் பந்து தெறிக்கும்.

பாய்தலில் தூரத்தை மட்டும் அளக்கிறோம். இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. 20 சென்ரிமீற்றர் படியிலிருந்து இரு காலாலும் இறங்கி, முழங்கால் மடித்து, மூன்று செக்கன் ஆடாமல் நிற்கட்டும். சத்தம் கேட்டால் முழங்கால் மடியவில்லை என்று அர்த்தம். முழங்கால்கள் உட்பக்கம் சாய்கின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள், பாதவிரல்களின் நேரே இருக்க வேண்டும். சீமெந்துத் தரையில் நீளம் பாய்தல் வேண்டவே வேண்டாம். மணற்குழி இருந்தாலும் மழைக்குப் பிறகு இறுகிவிடும், ஒவ்வொரு முறையும் கிளறி, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்த பின்பே பாயவிட வேண்டும்.

அஞ்சலோட்டத்துக்கு இந்த வயதில் கோலைத் திரும்பிப் பார்த்து வாங்கினாலே போதும். பெரியவர்களைப் போல் பாராமல் வாங்கப் பழக்குவது கோல் விழுவதில்தான் முடிகிறது.

இனி ஒரு கணக்கு. 40 பிள்ளைகள், ஒரு பந்து, ஒரே வரிசை. ஒருவருக்கு 10 செக்கன் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7 நிமிடம். அரை மணியில் ஒரு பிள்ளை நான்கு முறை எறியும். இருவருக்கு ஒரு பந்தாக 20 பந்துகள் இருந்தால், அதே வேகத்தில் 10 நிமிடத்தில் ஒவ்வொருவரும் 30 முறை எறிவார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளை எதையும் பழகுவதில்லை, முன்னால் நிற்பவரைத் தள்ளுவதைத் தவிர.

தரம் 5 வரை பெரும்பாலும் வகுப்பாசிரியரே இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவரிடம் பந்து இல்லாவிட்டால் குறை அவருடையதல்ல. போட்டிக்கு வெற்றிக்கிண்ணம் அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்கிறோம்: கிண்ணத்தோடு 20 ரெனிஸ் பந்துகளும் அவற்றைத் தொங்கவிட ஒரு வலைப்பையும் தாருங்கள். வலைப்பைதான் வேண்டும். கொழும்பு ஈரத்தில் பெட்டிக்குள் பூட்டினால் நனைந்த பந்துகள் பூஞ்சணம் பிடித்துப் போகும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கொழும்பு 13