கூட்டாளி நாடு உறுப்பு நாடு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த இராணுவக் கூட்டணியான நேட்டோ ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டது என்ற தொனியில் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கையும் கட்டுரையாளர் ஏறக்குறைய உறுப்பு நாடுகளாகவே ஆக்கிவிட்டார். மொய் எழுதியவரெல்லாம் சம்பந்தி ஆகிவிட முடியுமா?

அந்த நான்கு நாட்டுத் தலைவர்களும் நேட்டோவின் 2022 மாட்ரிட் மாநாட்டுக்குக் கூட்டாளிகளாகப் போனது உண்மை. ஆனால் ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆவது விதி 32 உறுப்பு நாடுகளுக்கு மட்டும்தான். ஜப்பானுக்கு ஆபத்து என்றால் அமெரிக்காவுடன் அது செய்துகொண்ட தனி ஒப்பந்தம்தான் கைகொடுக்க வேண்டும், நேட்டோ அல்ல.

சரி, கூட்டாளிக்கு என்னதான் கிடைக்கிறது? சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, 1994 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் ‘அமைதிக்கான கூட்டாண்மை’ என்ற திட்டத்தை நேட்டோ தொடங்கியது. அதே ஆண்டு ரஷ்யாவும் அதில் கையெழுத்திட்டது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அதிகாரிகளுக்குப் பயிற்சி, பேரிடர் ஒத்திகை, இணையத் தற்காப்பு என்று ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நடக்கும் வேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவதுதான். ஒருவர் வானொலியில் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும், ஒருவரின் எரிபொருள் குழாய் மற்றவரின் விமானத்தில் பொருந்த வேண்டும், வரைபடக் குறிகள் ஒத்துப்போக வேண்டும். பின்லாந்தும் சுவீடனும் முப்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக இதைச் செய்துவந்தன. அதனால்தான் 2022 மே மாதம் விண்ணப்பித்த பின்லாந்து 2023 ஏப்ரலிலேயே உறுப்பினராக முடிந்தது. நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தோ 1996இல் கூட்டாளியாகி, இன்றுவரை வாசலைத் தாண்டவில்லை. அதுவும் அதன் விருப்பம்.

இதே பட்டியலில்தான் ஜார்ஜியாவும் உக்ரேனும் இருந்தன. அவை உறுப்பினராகும் என்று 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் மாநாட்டில் வாக்குக் கொடுத்தார்கள், தேதி மட்டும் சொல்லவில்லை. ஆகஸ்டில் ஜார்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் போர் வந்தது. 5ஆவது விதி ஜார்ஜியாவுக்குப் பொருந்தவில்லை. பின்னர் அந்த நாடு ஆப்கானிஸ்தானுக்கு நேட்டோவோடு ஏராளமான வீரர்களை அனுப்பியும் நிலைமை மாறவில்லை. எனக்குத் தெரிந்தவரை, கூட்டாண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். எதிராளிக்குச் சாக்குக் கிடைக்கிறது, கூட்டாளிக்குக் காப்பு கிடைப்பதில்லை.

நாம் இதற்கெல்லாம் அந்நியர்கள் என்றும் நினைக்க வேண்டாம். போஸ்னியாவில் ஐ.நா. அமைதிப் படையின் நீலத் தொப்பியோடு இருந்த மலேசிய வீரர்கள், அங்கே போரை முடித்த 1995 டிசம்பர் டேடன் ஒப்பந்தத்துக்குப் பிறகு நேட்டோ தலைமையிலான படையில் பணியாற்றினார்கள். 2010இல் ஆப்கானிஸ்தானின் பாமியானுக்கு நம் இராணுவ மருத்துவக் குழு போனதும் நேட்டோ தலைமையிலான படையின் பகுதியாகத்தான். மலேசியா அதனால் எந்த முகாமிலும் சேர்ந்துவிடவில்லை.

அப்புறம், பினாங்கில் இருக்கும் எங்களுக்குச் சொந்த உதாரணமே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு 1971 நவம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் கூட்டுத் தலைமையகம் பட்டர்வொர்த் விமானத் தளத்தில், ஆஸ்திரேலிய அதிகாரி ஒருவரின் தலைமையில் இயங்குகிறது. தளம் 1988இல் ஆஸ்திரேலியாவிடமிருந்து நம் விமானப் படையிடம் வந்தது. அருகிலுள்ள தெலுக் ஆயர் தாவாரில் பெரியவர்களைக் கேட்டால் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் குடியிருந்த வீடுகளைக் காட்டுவார்கள். இவ்வளவு இருந்தும், தாக்குதல் வந்தால் ஐந்து நாடுகளும் உடனே கூடிப் பேச வேண்டும் என்பதோடு கடமை முடிகிறது. படை அனுப்பியே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அதே நவம்பர் 27ஆம் தேதி கோலாலம்பூரில்தான் இவ்வட்டாரத்தை அமைதி, சுதந்திர, நடுநிலை மண்டலமாக்கும் பிரகடனமும் வெளியானது. இரட்டை வேடம் என்று சிலர் சொல்வார்கள். சிறிய நாட்டுக்கு அது சாமர்த்தியம் என்பேன்.

ஆகவே இனி இத்தகைய கட்டுரை வரும்போது, எந்த நாடு எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். பட்டர்வொர்த் தளத்தைப் பற்றியும் ஒரு முழுப்பக்கம் எழுதலாம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், நிருபரை அனுப்பினால் நன்றாகவே பேசுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு