தாருக்கு விளக்கு மாட்டும் முன்

போடிநாயக்கனூர்

அன்பு மகள் கயலுக்கு,

உன் மஹிந்திரா தார் ஜீப்புக்கு மாட்ட நீ பார்த்து அனுப்பிய விளக்குப் படங்களைப் பார்த்தேன். ஹெட்லைட்டுக்குள் போடும் எல்.இ.டி. பல்பு ஒன்று, கூரைமேல் மாட்டும் நீள லைட் பார் ஒன்று. எது வாங்கலாம் என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம் என்று நானும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாமல் சொன்ன எதையும் நீ கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பல்பு. உன் தாரில் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என்று ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் படாமல் தடுப்பது அதுதான். அதனால்தான் டிம் அடித்தால் ஒளி சாலையோடு நிற்கிறது, எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறுவதில்லை. அந்த இழை எந்த இடத்தில் எரியும் என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துத்தான் ரிஃப்ளெக்டரையே வளைத்திருக்கிறார்கள். அதற்குள் வேறு உருவமுள்ள எல்.இ.டி. பல்பைச் செருகினால் போகஸ் கெட்டு, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். உனக்கு என்னவோ வெளிச்சம் கூடிவிட்டதாகத்தான் தோன்றும், பம்பருக்கு முன்னால் தரை பளீரென்று இருக்குமல்லவா? அந்தப் பளீரிலேயே கண்பாவை சுருங்கிவிடும். தூரத்துப் பள்ளம் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். பல்பின் முதுகில் விரலளவு விசிறி ஒன்றும் சுற்றுகிறது. ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டியில் அது எத்தனை நாளைக்குச் சுற்றும்?

கூரை லைட் பார் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ராஜஸ்தான் மணல்வெளிக்கு அது சரி. நீ போகப்போவது கர்நாடகத்துச் சக்லேஷ்பூர் காப்பித் தோட்டத்துச் சேற்றுப் பாதைக்கு, அதுவும் மழைக்காலத்தில். கண்ணுக்கு மேலே இருந்து அடிக்கிற வெளிச்சம் மூடுபனியில் பட்டு நேராக உன் கண்ணுக்கே திரும்பும். பானெட்டிலும் பட்டுக் கூசும். நம் போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி உச்சிக்குப் போனதும் பனி இறங்கினால், ஜீப்காரர்கள் பிரைட்டை அணைத்துவிட்டு டிம்மில் ஊர்வதை நீயே பார்த்திருக்கிறாய். காரணம் இதுதான். போதாக்குறைக்கு மரக்கிளை அடிக்கும், வேகத்தில் காற்று விசிலடிக்கும்.

உனக்கு வேண்டியது பம்பரில் மாட்டும் சின்ன விளக்கு இரண்டு. மஞ்சள் நிறம், அகலமாக விரியும் போகஸ். தாழ்வாக இருந்தால் கல்லின் நிழல் நீளமாக விழும், பள்ளமும் மேடும் பிரிந்து தெரியும். பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறதா பார். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது என்று அதற்கு அர்த்தம். வாட் கணக்கை மட்டும் நம்பாதே. 180 வாட் என்று அச்சடித்த விளக்கை மீட்டரில் பார்த்தால் 5 ஆம்பியர்கூட இழுக்காது. 12 வோல்ட்டால் பெருக்கிப் பார், 60 வாட்தான். மீதி 120 வாட் அட்டைப் பெட்டியில் எரிகிறது.

விளக்கில் மிச்சம் பிடித்து வயரிங்கில் போடு. நான் சொல்ல வந்ததே இதுதான். போன மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று கடைக்கு வந்தது. ‘லைட் மோசம், எரிந்து எரிந்து அணைகிறது’ என்று ஓட்டுநருக்கு ஒரே கோபம். டேஷ்போர்டைத் தொட்டால் சூடு, உருகிய பிளாஸ்டிக் நாற்றம். பேட்டரியிலிருந்து நேராக சுவிட்சுக்கு வயர். சுவிட்சின் சின்னக் கரண்டை வைத்து விளக்கின் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து தகட்டு ஓட்டை வழியாக உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம்கூடப் போடவில்லை. தகட்டு விளிம்பு உரசி உரசி மேலுறை கிழிந்து, செம்பு கறுத்துப்போய் வெளியே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் வண்டியே பற்றியிருக்கும். பாவம், விளக்கில் ஒரு குறையும் இல்லை.

முறையாகச் செய்தால் ரிலேயின் 30ஆம் நம்பருக்குப் பேட்டரி, 87க்கு விளக்கு, 86க்கு சுவிட்ச், 85க்கு எர்த், அதாவது வண்டியின் தகடு. பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. விளக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், நடுவில் எங்கே ஷார்ட் ஆனாலும் அதற்குத் தெரியாது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, தகடு பளபளத்த பிறகுதான் போல்ட் முடுக்க வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுக்கிறேன் என்று அங்கே யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு. இன்ஜின் சூட்டில் பசை இளகி, அது ஒரே கோடையில் அவிழ்ந்துவிடும். கம்பெனி வயரில் கத்தியே படக்கூடாது. வெட்டினால் வாரண்டி போச்சு என்று கைவிரிப்பார்கள். செருகிக் கழற்றும் கப்ளர் போட்டுச் செய்தால், வேண்டாம் என்கிற நாளில் கழற்றிவிடலாம்.

சுவிட்சுக்கு வரும் கரண்டைப் பிரைட் லைட்டிலிருந்து எடுப்பேன். பிரைட் எரியும்போது மட்டும்தான் இந்த விளக்கும் எரியும், டிம் அடித்தால் கூடவே அணைந்துவிடும். பனிக்கு டிம்மோடு எரிந்தால் நல்லதுதானே என்று கேட்பாய். அதற்குத் தனியாக இரண்டாவது சுவிட்ச் வைத்துத் தருகிறேன், தோட்டத்துக்குள் மட்டும் போட்டுக்கொள். சாலையில் 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவரைக் கூச வைக்கக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. எல்லை தாண்டி கேரளத்துக்குள் போனால் கூடுதல் விளக்குக்குக் கெடுபிடி அதிகம். அதனால் தார்ச்சாலைக்கு வந்ததும் விளக்குக்கு மூடி போட்டுவிடு. அபராதம் கிடக்கட்டும். வத்தலக்குண்டு தாண்டி இருவழிப் பாதையில், மனைவியையும் குழந்தையையும் பைக்கில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறவரை ஒரு நொடி நினைத்துப் பார். அவருக்கு அந்த நேரத்தில் சாலையே தெரியாது.

காட்டு வழியில் யானை நின்றால் இந்த விளக்கை அதன் முகத்தில் அடிக்கவே கூடாது. டிம் போட்டு, தூரத்திலேயே நிறுத்திவிடு. நண்பர்கள் வீடியோ எடுக்கச் சொல்வார்கள், நீ கேட்காதே.

பின்னால் சாமான் ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கும், வெளிச்சமும் மேலே ஏறும். ஆகவே நீ வழக்கமாக ஏற்றும் கூடாரம், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துக் கொண்டு வா. கடைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தப் பாரத்தோடுதான் போகஸ் வைக்க வேண்டும்.

வருவதற்கு முன் பம்பரில் நம்பர் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, கிளாம்பு அடித்து வைக்கிறேன். ரிலே, ஃபியூஸ் பெட்டி, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. நீ விளக்கை மட்டும் வாங்கி வா, பில்லைத் தொலைத்துவிடாதே. சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா