வெள்ளாவெளியிலிருந்து மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுறது. போனில கதைச்சா "சரிப்பா, சரிப்பா" எண்டுபோட்டு வைச்சிருவாய். அதுதான் கடிதம். கொழும்பில வெயிலுக்க நிண்டு வேலை செய்யிறாய், தண்ணியக் கொதிக்க வைச்சுக் குடி. நேரத்துக்குச் சாப்பிடு.

நவகிரிக் குளம் நிரம்பி வான் பாயுது. வேளாண்மை பால் பிடிச்சிட்டு. இந்தமுறை ஆனை முந்தியே வந்திட்டு. நாளைக்கு 150 கிலோ தின்னுற சீவனுக்குக் காட்டுப்புல்லு காணுமா? மின்வேலிக் கட்டைய மிதிச்சுச் சாய்ச்சுப்போட்டு உள்ளுக்க வந்திரிக்கி. நீ நட்ட கட்டை மட்டும் அசையல்ல. கிராம சேவகர் விதானைக்கிட்டயும் சொன்னனான்.

விடியப் போய்ப் பாத்தா, வரம்பில தண்ணி போற வக்கடைக்குக் கிட்ட முன்னங்கால் சுவடு. தண்ணி ஊறி, உள்ளுக்க மீன்குஞ்சு ஓடுது. அப்பப்பாட கணக்குப்படி கயிறு போட்டு அளந்தன். சுத்தளவு நாலரை அடி. அதில ரெண்டு மடங்குதான் ஆனைட உசரம் எண்டா, தோள் வரைக்கும் ஒம்பது அடி. கொம்பில்லாத தனியன். இங்கினியாகலையில சேனாநாயக்க சமுத்திரக் குளத்துல தும்பிக்கைய மட்டும் வெளிய நீட்டிக்கொண்டு ஆனை நீந்தினத நீதானே முதல்ல கண்டு காட்டினாய். கண் அப்பிடிக் கூர்மை உனக்கு. கூர்மை இருந்தென்ன, ரெண்டு மாசமா வீட்டுப்பக்கம் பாக்கல்ல. காசக் கேக்கல்ல மகன்.

உன்னோட வேலை செய்யிற பொடியன் பொங்கலுக்கு வந்தவன். உன்ட அறையப் பத்தி ஏதோ சொன்னான். நான் ஒண்டும் கேக்கல்ல. தண்ணியக் கொதிக்க வைச்சுக் குடி, வேற ஒண்டும் வேணாம்.

கயிறு பிடிக்கக்க உன்ட கை ஞாபகம் வந்திட்டு. பதினாலு வயசில, பரணுக்குக் கீழ ஆனை வந்துபோன விடியல்ல, நீதான் மற்றத் தலைப்பைப் பிடிச்சாய். கை நடுங்கினது. குளிர் எண்டாய். நானும் குளிர் எண்டே விட்டுட்டன்.

அண்டு ராவு நான் ஆனைவெடி வாங்கப் போகல்ல மகன். வெடி பின்னேரமே என்ட மடிக்குள்ள கிடந்தது. நான் தவறணையில இருந்தன். நீ தகரம் தட்டினது அங்க வரைக்கும் கேட்டது. வேற ஆரோ தட்டுறாங்க எண்டு நினைச்சன். நினைக்கல்ல, அப்பிடி நினைச்சுக்கொண்டன். ஒரு போத்தல் முடியுமட்டும் எழும்பல்ல.

அறுப்புக்கு வா. கல்முனை பஸ்ஸில ஏறிக் களுவாஞ்சிக்குடியில இறங்கு, பாலத்தடியில நிப்பன். ராவில தனிய வராத. அம்மாக்கு இதச் சொல்லிராத, அவ இன்னும் வெடிக்குப் போனன் எண்டுதான் நினைச்சிக்கொண்டிருக்கா.

அப்பா