அச்சில் படம் இருண்டுபோவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி வாழ்த்து அட்டை, திருமணப் படத்தொகுப்பு ஆகியவற்றை வீட்டிலேயே வடிவமைப்போர் இங்கு பலர். அரக்குப் பட்டின் மடிப்பும் சரிகையும் அச்சில் ஒரே கறுப்பாகிவிட்டால் அச்சகத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை கணினித் திரையின் வெளிச்சத்தில்தான். புதுத் திரைகள் பல 250 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு ஒளிரும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 நிட் போதும். அதிக ஒளியில் நிழல்பகுதி தெளிவாகத் தெரிவதால், படத்தைத் தேவைக்குமேல் கருமையாக்கிவிடுகிறோம்.

சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் திரை வாங்குவோர், பக்கவாட்டில் பார்த்தாலும் வண்ணம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையா, எஸ்ஆர்ஜிபி எனும் பொதுவான வண்ண வரம்பை முழுமையாகக் காட்டுமா, வண்ணப் பிழையைக் குறிக்கும் டெல்டா ஈ அளவு 2க்குக் குறைவா என்று தயங்காமல் கேட்கவேண்டும். 27 அங்குலத் திரையில் 2560 × 1440 படப்புள்ளிகள் இருப்பது நல்லது. 1920 × 1080 என்றால் எழுத்தோரம் பிசிறடிக்கும். எஸ்ஆர்ஜிபியைவிட அதிக வண்ணங்களைக் காட்டும் அடோபி ஆர்ஜிபி திரைக்குக் கூடுதல் பணம் தருமுன், அச்சகம் அத்தகைய கோப்பை ஏற்குமா என்று விசாரியுங்கள். ஏற்காவிட்டால் அந்தப் பணத்தில், திரையின் வண்ணத்தை அளந்து சரிசெய்ய உதவும் வண்ண அளவீட்டுக் கருவி வாங்கலாம். திரையை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஜன்னல் வெளிச்சம் படாமல் அளந்து, வெண்மையின் சாயலைக் குறிக்கும் அளவை 6500 கெல்வினில் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் அளக்கவேண்டும்.

வாசகர், தெம்பனிஸ்